திருப்பி வாங்கிக்கொண்ட நன்றி

நேற்று சாயங்காலம் திண்டுக்கல்லில் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறினால் காலை வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் கோழிக்கொண்டைப் பூ மூட்டை. கல்லறைத் திருநாள் வருகிறதல்லவா, பூ மார்க்கெட்டே எங்கள் பஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மூட்டைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, காலத் தூக்கி மேல வச்சுக்கங்க, பூவு நசுங்கிரும்" என்றாள். முட்டி வலியோடு சம்மணம் போட்டு ஊர் வரைக்கும் ஒரு சாமியார் மாதிரி வந்து சேர்ந்தேன்.

கோழிக்கொண்டைக்கு வாசனையே கிடையாது என்பார்கள். ஈரச் சாக்கில் கட்டி வைத்த கோழிக்கொண்டையை அவர்கள் முகர்ந்ததில்லை. அதற்கு ஒரு பச்சை வாடை உண்டு. மழையில் நனைந்த மரப்பலகை வாடையும் அதோடு கலந்தால் நான் இருபது சொச்சம் வயதுக்குப் போய்விடுவேன். பழைய நாள் நினைவு வந்தால் மற்றவர்களுக்குத் துக்கமோ சந்தோஷமோ வருமாம். எனக்கு அந்த வாடைக்கு வெட்கம்தான் வருகிறது. இத்தனை வருஷம் ஆகியும் காது மடல் சூடாகிறது.

அதைச் சொல்வதற்கு முன்னால் தூம்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நேராகச் சொல்ல வராது. மோட்டாருக்குக் காயில் சுற்றியே பிழைப்பு நடத்துகிறவன், பேச்சும் அப்படித்தான்.

வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருக்கிற ஊர்களில் தூம்பா என்றால் தெரியும். இறந்தவரைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் மரப்பெட்டி. கறுப்புப் பெயின்ட், தலைமாட்டில் வெள்ளைச் சிலுவை, தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கம்பு. ஆளைக் குழியில் இறக்கியதும் தூம்பா கோயிலுக்குத் திரும்பி வந்துவிடும், அடுத்த ஆளுக்காக. எங்கள் கோயிலில் இரண்டு தூம்பா இருந்தது. ஒன்று வடபுறத் தகரக் கொட்டகையில், பூட்டிய கதவுக்குள். இன்னொன்று மணிக்கூண்டுப் படிக்கு அடியில், சாரல் அடிக்கிற இடத்தில். ஒன்று வெயில் காலத்துக்கு, ஒன்று மழைக் காலத்துக்கு என்று சின்ன வயதில் வெகுநாள் நினைத்திருந்தேன். ஞானோபதேச வகுப்பில் அதைக் கேட்டும்விட்டேன். பதிலுக்கு உபதேசியார் சாக்பீஸை எறிந்தார்.

கொட்டகையில் இருந்தது மேலத்தெருவுக்கு, அதாவது எங்களுக்கு. மணிக்கூண்டுக்கு அடியில் இருந்தது கீழத்தெருவுக்கு. ஞானஸ்நானம் ஒரே தொட்டியில்தான். சாவில் பிரிந்துகொள்வோம். கல்லறைத் தோட்டத்துக்கும் இரண்டு கேட்டு, நடுவில் சுவர். கொட்டகையில் தொங்கியது அசல் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, உள்ளங்கை அகலத்துக்கு. பிணப்பெட்டியை எவன் திருடப் போகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பூட்டின் சாவி எங்கள் வீட்டில், சமையல்கட்டு நிலையில் தொங்கும். எங்கள் அப்பா அந்த வருஷங்களில் தெருவுக்குப் பெரியதனம் பார்த்தார். சாவி வீட்டில் இருப்பதில் எனக்கும் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

இப்போது சிஸ்டரத்தை. அப்பாவுக்கு மூத்த அக்கா. பதினெட்டு வயதில் மடத்துக்குப் போனவர். வீட்டில் நாங்கள் வைத்த பெயர்தான் சிஸ்டரத்தை. அத்தை என்றால் 'வந்தாள்' என்று எழுதலாம், சிஸ்டர் என்றால் 'வந்தார்' என்றுதான் எழுத வேண்டும். அப்பாவுக்கும் இதே தடுமாற்றம் இருந்தது. கோயிலில் பார்த்தால் "தோத்திரம் சிஸ்டர், வாங்க" என்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் "என்னக்கா, இம்புட்டு நேரங்கழிச்சு வார" என்பார்.

நரை விழுந்த வயதில் அவரை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாற்றிப் போட்டார்கள். கூட இரண்டு சிஸ்டர்கள், அதில் ஒருவர் மலையாளத்துக்காரர். மூன்று பேரும் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். அங்கி கிடையாது, நூல் சேலை, கழுத்தில் மரச்சிலுவை. எங்கள் அம்மாவுக்கு அதுவே பெரிய மனக்குறை. "அங்கி போட்டுக்கிட்டு வந்தா நாலு பேரு மதிப்பாகல்ல, காய்கறி விக்கிற பொம்பள மாதிரில்ல வாராக" என்று முனகுவாள். அத்தை பழைய மொபட்டில் சுற்றி வருவார். பஞ்சு மில் ஹாஸ்டலில் அடைபட்ட பெண்பிள்ளைகளைப் பார்க்க விடச்சொல்லி வாட்ச்மேனோடு சண்டை. தோல் பதனிடுகிற ஷாப்பில் கை வெந்துபோன ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைச்சல். கீழத்தெருப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம். களை எடுக்க ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலியா என்று அவர்கள் கேட்டது எங்கள் தோட்டத்தில்தான். கேட்கச் சொல்லிக் கொடுத்தது அப்பாவின் சொந்த அக்கா.

கீழத்தெருவில் சாப்பிட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவும் செய்வார். "இன்னைக்கு ஞானப்பூ வீட்டுல கருவாட்டுக் கொழம்பு. அம்புட்டு ருசி. நீயும் வைக்கிறியே." அம்மாவுக்கு முகம் சுண்டிப்போகும். அத்தைக்கென்று வீட்டில் ஒரு தனித் தட்டு இருந்தது. "கன்னியாஸ்திரி சாப்புட்ட தட்டுல நம்ம சாப்புடலாமா, பாவம்ல" என்று அம்மா அதற்குக் காரணம் சொல்வாள். அத்தை சாப்பிட்டு, தானே கழுவி, எங்கள் தட்டுகளுக்கு நடுவில் சொருகிவிட்டுப் போவார். பிறகு அம்மா எல்லாத் தட்டையும் எடுத்து மறுபடி தேய்ப்பாள். எங்கள் வீட்டில் தட்டு அப்படிப் பளபளத்ததற்கு இதுதான் காரணம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் வேலை பார்த்த ரீவைண்டிங் கடை லீவு, நான் வீட்டில் படுத்திருந்தேன். அத்தை தெப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றார். உள்ளே ஏறவில்லை.

"தம்பி, ஞானப்பூ போயிருச்சு. காமாலை முத்திப் போச்சு" என்றார். "அவுக தூம்பாவுக்கு அடிப்பலகை உளுத்துக் கொட்டிருச்சு. தூக்குனா ஆளு கீழ விழுந்துரும். கொட்டகைச் சாவியக் குடு."

அப்பா கொஞ்சம் யோசித்து, "கயித்துக் கட்டில்ல கொண்டுபோகலாம்லக்கா?" என்றார்.

"நம்ம அய்யாவக் கயித்துக் கட்டில்லயா கொண்டுபோன?"

அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "செத்த நேரம் பொறு. நாலு பேரக் கேட்டுட்டு வாரேன்" என்று இறங்கினார். எங்கள் பக்கம் 'செத்த நேரம்' என்றால் கொஞ்ச நேரம்தான். அன்றைக்கு அது வெகு நேரமாகிவிட்டது. அம்மா உள்ளே கூப்பிட்டும் அத்தை வரவில்லை. தாழ்வாரத் தண்ணீர் சேலை மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

அப்பா திரும்பி வந்தார். நிலையில் இருந்த சாவியை எடுத்து அக்கா கையில் வைத்தார். "பூட்டு லேசுல தொறக்காது. இடது பக்கம் அழுத்தித் திருப்பணும்" என்றார்.

என்னையும் கூட வரச்சொன்னார் அத்தை. கொட்டகையைத் திறந்தால் கீழத்தெரு ஆட்கள் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஞானப்பூவின் புருஷன் இன்னாசி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூசை என்கிற வயதானவர்தான் பேசினார். "வேணாம் சிஸ்டர். இன்னைக்கு எடுத்துருவோம். நாளைக்கு எங்களுக்குத்தான் வம்பு."

"திருடலையே சித்தப்பா. சாவி வாங்கித்தான தொறந்திருக்கேன்" என்றார் அத்தை.

அவர் சூசையைச் சித்தப்பா என்றது எனக்குத் திக்கென்றது. எங்கள் தெருவில் பால் குடி மறந்த பிள்ளைகூட அவரை "ஏலே சூசை" என்றுதான் கூப்பிடும். அத்தையும் நானும் முதலில் கம்பில் கை வைத்தோம். பிறகு அவர்கள் வந்தார்கள். ஈரக் கோழிக்கொண்டையைச் சரம் சரமாகச் சுற்றினார்கள். ஞானப்பூ எங்கள் தெரு வழியாகத்தான் போனாள். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். கல்லறையில் இருந்து திரும்பியதும் தூம்பாவைக் கழுவித் துடைத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நின்ற அப்பா, "ஒங்க தூம்பாதான் வீணாப் போச்சே. இத நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

கீழத்தெரு ஆட்களுக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான். என் அப்பாவா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசையில், அறிவிப்பு நேரத்தில் அத்தை எழுந்தார். மேலத்தெரு பெரிய மனது பண்ணியதற்கு எல்லார் முன்னாலும் நன்றி சொன்னார். "இனிமே இந்த ஊருல ரெண்டு தூம்பா இல்ல, ஒண்ணுதான்" என்று சொல்லி எங்கள் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். கீழத்தெரு ஆட்களைப் பார்த்து, "நீங்களும் எந்திரிச்சு ஒரு கும்புடு போடுங்க" என்றார். பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் அவர்கள் எழுந்து எங்களைக் கும்பிட்டார்கள். சூசையும் கும்பிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் முதல் வேலையாக இதைத்தான் சொன்னேன். முதலாளி ராவுத்தர் காயில் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒங்க அத்தா பெரிய மனுசர்டா" என்று அப்பாவைச் சொன்னார். அதோடு விட்டேனா? மோட்டாரைக் கொண்டுவருகிறவர்கள், டீக்கடை, லாட்ஜில் தங்கியிருந்த சிநேகிதர்கள், ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரு அங்குலம் உயர்ந்தார். பக்கத்தில் நின்ற நானும் உயர்ந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம் பிறந்ததும் ஒரு டெம்போ வந்தது. திண்டுக்கல்லில் செய்த புதுத் தூம்பா. தேக்கு மரம், பித்தளைக் கைப்பிடி, வார்னிஷ் வாடை கோயில் வரைக்கும் அடித்தது. நேரே தகரக் கொட்டகைக்குப் போனது. மாங்காய்ப் பூட்டு மறுபடி தொங்கியது. சாவி எங்கள் வீட்டு நிலைக்கு வந்தது. எங்கள் தெருவில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை, எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. எனக்கும் அத்தைக்கும்தான் தெரியாது.

அத்தை வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பத் தம்பி சொல்லி வச்சீக?"

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அன்னைக்கேதான்" என்றார்.

"நான் வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னேனே. அப்பயா?"

"பின்ன என்னக்கா செய்ய? அவுக ஏத்துனதுல நம்ம தெருவுல ஒருத்தனும் ஏறமாட்டேன்னுட்டான். சரி, அத அவுகளுக்கே குடுத்துருவோம், நம்ம புதுசு செஞ்சுக்கிருவோம்னு முடிவாச்சு. ஒனக்கும் மனசு கோணாமப் போச்சுல்ல."

அப்பா இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அக்காவுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது என்று உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

அத்தை தன் இரண்டு கையையும் பார்த்தார். "நான் கும்புட்டேனே தம்பி" என்றார். "அத்தனை பேரு முன்னாடி. அவுகளையும் கும்புட வச்சேனே."

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் அத்தை மறுபடி எழுந்தார். சாமியாருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், முடிவுப் பாட்டுக்கு ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"அன்னைக்கு இதே எடத்துல மேலத்தெருவுக்கு நன்றி சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன். அந்த நன்றிய இப்பத் திருப்பி வாங்கிக்கிறேன்."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. கீழத்தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் முழந்தாள் போட்டார். "என் பேச்சக் கேட்டு நீங்க கும்புட்டீக. அதுக்கு என்னைய மன்னிச்சிருங்க" என்றார். மற்ற இரண்டு சிஸ்டர்களும் எழுந்து வந்து பக்கத்தில் முழந்தாள் போட்டார்கள். மலையாளத்து சிஸ்டருக்கு அழுகை. ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையை அமுக்கியபடியே உட்கார்ந்துவிட்டார். நான் ஆண்கள் பக்கம், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தரை பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. அப்பா இந்தத் தடவையும் தலையைக் குனிந்திருந்தார். இது என்ன என்று இப்போது எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு முழுக்க டீக்கடையில் இதே பேச்சு. "குடுத்த நன்றிய எப்படிப்பா திருப்பி வாங்க முடியும்? அதென்ன கைமாத்தாக் குடுத்த அரிசியா?" என்று சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, ஒருவருக்கும் ஆறவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார்கள். வாங்கி உள்ளே வைத்திருந்ததை ஒருத்தி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அதற்கு என்ன பதில் செய்வதென்று எங்கள் தெருவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்தபோது பழைய தூம்பா கொட்டகை வாசலில் கிடந்தது. கழுவித் துடைத்து, கீழத்தெரு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எங்கள் தெருவும் அதை உள்ளே எடுக்கவில்லை. இரண்டு தெருவுக்கும் வேண்டாததாகி, வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடந்து உளுத்தது. கீழத்தெருவில் சில காலம் கயிற்றுக் கட்டிலில் தூக்கிப் போனார்கள். பிறகு வேப்பம் பலகையில் தாங்களே ஒன்று செய்துகொண்டார்கள்.

எனக்கு வேறொரு சங்கடம். அத்தை ஒரே ஒரு வாக்கியத்தில் திருப்பி வாங்கிவிட்டார். நான் ஊர் பூராவும் விற்றதை எப்படித் திருப்பி வாங்குவது? ராவுத்தர் வாடிக்கையாளர்களிடம், "இந்தப் பயலோட அத்தா இருக்காரே, அவரு என்ன செஞ்சாரு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். நான் மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொள்வேன். இல்லை பாய், அது அப்படியில்லை என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. அவர் சாகிறவரைக்கும் அந்தக் கதையை நல்லபடியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருப் பெரியவர்கள் போய் மடத்துக்குத் தலைவியான பெரிய மதரைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட லீவு விட்டதும் அத்தைக்கு வடக்கே எங்கேயோ மாற்றல் வந்தது. போகிற அன்று பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார், வேண்டுமென்றேதான். "ஏலே அப்பு, அவனப் பாத்துக்க" என்றார் அத்தை. "பயந்தவன்டா. அவனுக்கு அந்த நாலு பேருதான் சாமி." பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். கீழத்தெருவே ஸ்டாப்பில் நின்றது. மேலத்தெருவில் இருந்து பெட்டி தூக்க வந்த ஒரே ஆள் நான், எங்கே நிற்பதென்று தெரியாமல் பெட்டியைத் தலையில் வைத்தபடியே நின்றேன்.

அப்பா இறந்தபோது தேக்குத் தூம்பாவில்தான் போனார். அத்தை ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். தம்பியின் முகத்தைத் தடவி, நெற்றியில் சிலுவை போட்டார். தூம்பாவில் ஏற்றியதும் விலகி, தெருவின் கடைசியில் தூரமாக வந்துகொண்டிருந்த கீழத்தெருப் பெண்களோடு நடந்து வந்தார். சில வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார், அந்த வடக்கு ஊரிலேயே மடத்துக் கல்லறையில். சேதி எங்களுக்கு மெதுவாகத்தான் வந்தது.

இப்போது எங்கள் ஊரில் தூம்பாவே கிடையாது. தேக்குத் தூம்பாவின் பித்தளைக் கைப்பிடியை எவனோ கழற்றிக்கொண்டு போனான். வேப்பம் பலகைத் தூம்பா எங்கே போனதென்று தெரியாது. யாராவது இறந்தால் திண்டுக்கல்லுக்கு ஒரு போன். ஐஸ் பெட்டி வந்துவிடும், மறுநாள் கண்ணாடி வைத்த வண்டி வந்துவிடும். மேலத்தெருவுக்கும் அதே வண்டி, கீழத்தெருவுக்கும் அதே வண்டி. "இப்பல்லாம் எவன்ணே அதெல்லாம் பாக்குறான், எல்லாருக்கும் ஒரே வண்டிதான" என்கிறார்கள் எங்கள் தெருப் பையன்கள். நாங்கள் செய்ய மாட்டோம் என்று நின்றதை வாடகை வண்டி செய்துவிட்டது.

போன வருஷம் அம்மா இறந்தாள். வண்டிக்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் அவன் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, எந்தக் கேட்டு?" என்று கேட்டான். நான் வாயால் சொல்லவில்லை. எங்கள் கேட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் புதுச் சாமியார். இளவயது, நல்லவர், எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாதவர். பிரசங்கத்தில் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஊரைப் பாராட்ட ஆரம்பித்தார். எத்தனையோ ஊர்களில் சாவில்கூடப் பிரிவினை இருக்கிறதாம், இங்கே இரண்டு தெருவும் ஒரே வண்டியில் போகிறதாம், இந்த நல்ல மனதுக்காக இந்த ஊருக்கு நன்றியாம். எல்லாரும் ஒருதரம் கைதட்டுங்கள் என்றார். மேலத்தெரு தட்டியது. கொஞ்சம் பொறுத்துக் கீழத்தெருவும் தட்டியது.

நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நன்றியைத் திருப்பி வாங்க இப்போது ஊரில் ஆள் இல்லை. எனக்கு விஷயம் தெரியும், வாயும் இருக்கிறது. முன் வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.